எனக்கே குல்லா போட்டுட்டான்

டேய் செல்வா,

நல்லா இருக்கியா, அம்மா சௌக்கியமா, பாப்பா ஸ்கூல் போறாளா, எல்லாம் கேட்டாச்சு. எட்டு மாசமா ஒரு வரி எழுதல, திட்டணும்னா இப்பவே திட்டிட்டு அப்புறம் படி. அப்பா காரியத்துக்கும் வரல, போன்லயும் ரெண்டு நிமிஷத்துக்கு மேல எனக்குப் பேச்சு வரல. அதுக்கு அப்புறமா வர்றேன். முதல்ல நீ சிரிக்கிற விஷயம்.

எனக்கு ஒருத்தன் குல்லா போட்டுட்டான்டா. நெஜமாவே குல்லா. இங்க பெர்லின்ல ஞாயித்துக்கிழமை பழைய சாமான் சந்தை ஒண்ணுல, 65 யூரோ. ரஷ்யாக்காரன் போடுவானே, காதை மடிச்சு உச்சந்தலையில நாடா கட்டுற மயிர்த்தொப்பி, உஷான்கா, ரஷ்யன்ல உஷின்னா காது. நெத்தியில சிவப்பு நட்சத்திரம். "ஸ்டாலின்கிராட்ல இருந்த தொப்பி சார்"னு வித்தவன் கண்ணு கலங்கச் சொன்னான், ரெண்டாம் உலகப் போர்ல ஹிட்லர் படையை ரஷ்யாக்காரன் மடக்கின ஊருடா அது, நானும் கலங்கிட்டேன். நம்ம சிநேகிதன் குண்டுமணி கூட இருந்திருந்தா அங்கேயே ரெண்டு அறை விட்டிருப்பான்.

வீட்டுக்கு வந்து லைட்டுல பாத்தா நட்சத்திரத்தைச் சுத்தி தங்கக் கலர்ல இலை வளையம். போர்க்காலத்துச் சிப்பாய்க்கு வெறும் நட்சத்திரம்தான், நடுவுல அரிவாள் சுத்தியல், அவ்வளவுதான். வளையம் வச்சதெல்லாம் ரொம்பப் பின்னாடி வந்தது. சரி, பேட்ஜை மட்டும் எவனோ மாத்தியிருப்பான், தொப்பி பழசாத்தான் இருக்கும்னு மனசைத் தேத்திக்கிட்டேன். துணி சாம்பல் கலர், போர்க்காலத்துலயும் சாம்பல் உண்டு, அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. மயிர்ல ரெண்டு இழை பிச்சு கொளுத்திப் பாத்தேன். ஆட்டுமயிரா இருந்தா முடி பொசுங்குற நாத்தம் வரணும், விரல்ல நசுக்கினா பொடியாகணும். இது பிளாஸ்டிக் நாத்தம், உருகி மிளகு மாதிரி கெட்டியா உருண்டுக்கிச்சு. கள்ளநோட்டு பாக்குற ஊதா டார்ச் அடிச்சா தையல் நூல் பூரா பளபளன்னு மின்னுது. 1943ல அப்படி மின்னுற நூல் ஏதுடா!

அன்னைலேர்ந்து இதே பைத்தியம். உனக்குத் தெரியுமா, 1939 கடைசியில ஃபின்லாந்து மேல படையெடுத்தப்ப சோவியத் ராணுவம், அதான் செஞ்சேனை, தலையில இருந்தது உச்சியில கூம்பு வச்ச கம்பளித் தொப்பி, புத்யோனவ்கா. பாக்க ராஜா காலத்துக் கிரீடம் மாதிரி ஜோரா இருக்கும், அந்தக் குளிருக்கு உதவல. பட்டு அனுபவிச்சுத்தான் 1940ல உஷான்காவுக்கு மாறினாங்க. இதுல கூத்து என்னன்னா, அதே மாதிரி தொப்பிக்கு முன்னாடியே கல்சாக்கவ்கான்னு ஒரு பேரு உண்டு, புரட்சிக்கு அப்புறம் நடந்த உள்நாட்டுப் போர்ல செஞ்சேனையை எதிர்த்த அட்மிரல் கல்சாக்கோட வெள்ளைப் படை போட்டது. அந்தாளை 1920ல சுட்டுக் கொன்னதே செஞ்சேனையை நடத்தின போல்ஷெவிக்குங்கதான்! இருபது வருஷம் கழிச்சு அவன் ஆளுங்க தொப்பியையே தன் தலையில மாட்டிக்கிட்டாங்க. அதுலயும் கர்னலுக்கும் ஜெனரலுக்கும் கரகுல் ஆட்டுக்குட்டித் தோல்ல பப்பாகான்னு உசரமான தொப்பி, ஆபீசருக்கு நல்ல ஆட்டுமயிர், சாதாச் சிப்பாய்க்குச் செயற்கை மயிர், போர்க்காலத்துல அது பிளாஸ்டிக் இல்ல. அதுக்கு ரஷ்யாக்காரங்களே நக்கலா வச்ச பேரு மீன் மயிர். மீனுக்கு ஏதுடா மயிர்? நாலு நாள் இதை நெனச்சு நெனச்சு சிரிச்சேன், ஆபீஸ்ல ஒரு மாதிரி பாக்குறானுங்க.

அஞ்சாவது நாள் நட்சத்திரத்தையே கழட்டிட்டேன். அடியில நட்சத்திரத்துக்குச் சம்பந்தமில்லாம வேற ரெண்டு ஓட்டை, அதைச் சுத்தி வெளுக்காத துணியில முட்டை மாதிரி ஒரு தடம். அது கிழக்கு ஜெர்மனி ராணுவத்தோட சின்னம்டா, நடுவுல சுத்தியலும் நம்ம ஜாமெட்ரி பாக்ஸ் காம்பஸும் இருக்கும், தொழிலாளிக்குச் சுத்தியல், படிச்சவனுக்குக் காம்பஸ். 1956ல ஆரம்பிச்சு 1990 அக்டோபரோட கதை முடிஞ்ச ராணுவம். உள்பட்டையை மடிச்சுப் பாத்தேன், பால்பாயிண்ட் பேனால ஒரு பேரு, ஜெர்மன் பேரு. கடைசி எழுத்து வேர்வையில ஊறியிருந்துச்சு. அங்க 1962லேர்ந்து கட்டாய ராணுவம், ஒண்ணரை வருஷம். எவனோ பதினெட்டு பத்தொம்பது வயசுப் பையன், ஹாஸ்டல்ல நாம பக்கெட்டுல பேர் எழுதுவோமே, அந்த மாதிரி எவனும் தூக்கிடக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்கான். அதை இன்னொருத்தன் பேட்ஜைப் புடுங்கி நட்சத்திரம் குத்தி ஸ்டாலின்கிராட்னு வித்துட்டான். திருப்பிக் குடுத்து சண்டை போடலாம்னுதான் இருந்தேன். இப்ப மனசு வரல. நட்சத்திரம் டிராயர்ல கெடக்கு, தொப்பி அலமாரில இருக்கு.

சரி, அப்பா விஷயம். இதைத் தேடிக்கிட்டே போனப்பதான் நம்ம மங்கி கேப்போட வம்சம் தெரிஞ்சுது. அதுக்கு நெஜப் பேரு பாலக்லாவா, கிரிமியாவுல ஒரு ஊரு, 1854 அக்டோபர்ல பிரிட்டிஷ்காரன் சண்டை போட்ட இடம். அந்த யுத்தத்துக் குளிர்லேர்ந்துதான் அந்தப் பேரே. படிச்சதும் அப்பா மூஞ்சிதான் வந்துச்சு. மார்கழி அஞ்சு மணி, காபிப்பொடிக் கலர் மங்கி கேப், மேல மப்ளர் வேற, ஊர்ல குளிர் 20 டிகிரி. டீ குடிக்க அதைக் கழட்டவே மாட்டாரு, வாய்ப்பக்கத்தை மட்டும் தாடைக்குக் கீழ இழுத்து விட்டுக்குவாரு, அந்த விளிம்பு பூரா டீ கறை. நாம சைபீரியான்னு கூப்பிட்டோம், அவருக்கும் தெரியும்.

அது இன்னும் இருக்காடா? அம்மா துவைச்சுட்டாங்களா? இல்லேன்னா துவைக்க விடாத. தை பொறந்ததும் வர்றேன், டிக்கெட் போட்டாச்சு. மொட்டைகிட்ட சொல்லாத, அவன் ஸ்டேஷனுக்கே வந்துடுவான்.

உன்
பாலு