முதலில் பழைய கிணறுகளின் பட்டியலைக் கொடுங்கள்

எண்ணெய் நிறுவன அதிகாரிகளுக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும்,

வணக்கம். போன வாரம் எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் நீங்கள் திரை கட்டிக் காட்டிய படங்களை நானும் பார்த்தேன். எங்கள் பகுதியில் எண்ணெய் வற்றிய பாறைக்குள் கரியமில வாயுவைச் செலுத்தினால் ஒட்டியிருக்கும் எண்ணெய் இளகி வரும், வாயுவும் உள்ளேயே தங்கிவிடும் என்றீர்கள். அறிவியலோடு எனக்குச் சண்டை இல்லை. கனடாவின் வேபர்ன் எண்ணெய் வயலில் 2000-ஆம் ஆண்டு முதல் இதைச் செய்கிறார்கள். சுமார் 800 மீட்டருக்குக் கீழே அழுத்தத்தில் வாயு திரவம்போல் அடர்ந்துவிடும், மேலிருக்கும் களிப்பாறை மூடியாக நிற்கும் என்பதும் புரிகிறது.

அந்த மூடியில் நீங்களே போட்ட ஓட்டைகளை, அதாவது பழைய எண்ணெய்க் கிணறுகளைப் பற்றித்தான் கேட்டேன். பதில் வரவில்லை, தேநீர் வந்தது.

என் மூன்று மா (சுமார் ஒரு ஏக்கர்) நிலத்தை ஒட்டி ஒரு பழைய எண்ணெய்க் கிணறு இருக்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன், சம்பா பால் பிடிக்கும் நேரத்தில், வரப்போரத் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தது. மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. ஒரு மா பயிர் கருகியது. பார்க்க வந்தவர், நான் கையால் தொட்டுக் காட்டிய இரும்புக் குழாயைப் பார்த்துக்கொண்டே, "இப்படியொரு கிணறு எங்கள் ஆவணத்தில் இல்லை" என்றார். இல்லாத கிணற்றுக்கு இழப்பீடும் இல்லையாம். இன்றும் நடவு ஆட்கள் அந்த மூலையை விட்டுவிட்டுத்தான் நடுகிறார்கள்.

ஆவணத்தில் இல்லாத கிணற்றின் வழியே வாயு மேலே வந்தால் எந்த ஆவணத்தில் ஏற்றுவீர்கள்? தண்ணீரில் கரைந்த கரியமில வாயு அமிலமாகிப் பழைய சிமெண்டை அரிக்கும். வெளியே வந்தால் காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். 2020-இல் அமெரிக்காவின் சட்டார்ஷியாவில் கரியமில வாயுக் குழாய் வெடித்தபோது 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள்.

ஆகவே முதலில் பட்டியல். ஒவ்வொரு பழைய கிணற்றின் சர்வே எண், மூடிய தேதி, சிமெண்ட் சோதனை முடிவு, எல்லாம் தமிழில்.

காவிரி டெல்டாவுக்கான பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் 2020-இல் வந்தபோது பட்டாசு வெடித்தோம். புதிய எண்ணெய்க் கிணறுகளுக்குத்தான் அது தடை போட்டது, பழையவை பாட்டுக்கு இருக்கின்றன. கடைமடைக்கு மேட்டூர்த் தண்ணீர் வந்து சேர வழியில்லை, கரியமில வாயு மட்டும் குழாய் போட்டு வருகிறது! மன்னியுங்கள், கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

ஆகஸ்டு 15 கிராம சபையில் அந்தப் பட்டியலை வைக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அதுவரை ஒரு குழாயும் இறக்க வேண்டாம். என் வரப்போரக் கிணற்றின் சர்வே எண் உங்களிடம் இல்லையென்றால் நானே தருகிறேன்.

இப்படிக்கு,
திருவாரூர் மாவட்டத்து விவசாயி ஒருவன்