கிளி என்ன பாவம் செய்தது?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ஞாயிறு மாலைகளில் கூடும் வாசக நண்பர்களுக்கு,

வணக்கம். காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மந்திரக் கதைகளை அலசும் நம் கூட்டத்துக்குக் கடலூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களில் நானும் ஒருத்தி. பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். போன வாரம் மட்டும் பேசியிருக்க வேண்டும். தொண்டை வரை வந்தது, வெளியே வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அடுத்த கூட்டத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்கள் முன்னால் வைக்க நீங்கள் தேர்ந்தெடுத்திருப்பது டர்ஸ்லி தியரி, ஹாரி பாட்டர் நாவல்களில் ஹாரியை வளர்த்த டர்ஸ்லி குடும்பத்தைப் பற்றியது. ஹாரி பாட்டருக்குள் வில்லன் வோல்டமார்ட்டின் ஆன்மாத் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆன்மாவின் துண்டை ஒளித்துவைத்திருப்பதைத்தான் ஹார்க்ரக்ஸ் என்கிறார்கள், அவனே அறியாத ஹார்க்ரக்ஸ் அவன். இன்னொரு ஹார்க்ரக்ஸான லாக்கெட்டை ஹாரியும் நண்பர்களும் மாற்றி மாற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்ட சில வாரங்களிலேயே அவன் நண்பன் ரான் கோபித்துக்கொண்டு நண்பர்களை விட்டுப் போய்விடுகிறான். அப்படியென்றால் பத்து வருடம் ஒரு ஹார்க்ரக்ஸோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த பெரியம்மா பெட்டூனியாவும் பெரியப்பா வெர்னனும் கொடுமைக்காரர்கள் ஆனதில் என்ன ஆச்சரியம்? குற்றம் அவர்களுடையது இல்லை, பிள்ளைக்குள் இருந்த சாபத்தினுடையது. இதைச் சொல்லி முடித்ததும் எல்லோரும் கைதட்டினீர்கள். கேட்டவுடன் கணக்கு சரியாக வருகிற தியரிதான், மறுக்கவில்லை.

ஆனால் முதல் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். ஹாரி அந்த வாசற்படிக்கு வருவதற்கு முன்பே பெட்டூனியா தனக்குத் தங்கையே இல்லை என்பதுபோல் நடந்துகொள்கிறாள். அந்தக் கசப்பின் வேர் கடைசிப் புத்தகத்தில்தான் தெரிகிறது. சின்ன வயதில் தங்கையைப்போல் தானும் அந்த மந்திரப் பள்ளியில் சேர ஆசைப்பட்டு அவள் கடிதம் எழுதியிருக்கிறாள், இடம் கிடைக்கவில்லை. அங்கே சாபம் எதுவும் இல்லை. ஆறாத பொறாமைதான் இருக்கிறது.

அப்புறம், பள்ளி விடுதியில் ஹாரியோடு ஒரே அறையில் ஆறு வருடம் படுத்துத் தூங்கிய பையன்கள் யாரும் கெட்டுப்போகவில்லை. விடுமுறைக்கு வந்தவனை ரானின் அம்மா பெற்ற பிள்ளையாகவே பார்த்துக்கொண்டாள். ஹார்க்ரக்ஸ் எப்படி ஒருவரைப் பிடிக்கும் என்று ஹாரியின் தோழி ஹெர்மயனியே விளக்குகிறாள்: அதன்மேல் பாசம் வைத்து, அதைச் சார்ந்துபோனால்தான் ஆபத்து. ரானின் தங்கை ஜின்னி, ஹார்க்ரக்ஸாக இருந்த ஒரு டைரியிடம் தன் மனதையெல்லாம் கொட்டினாள், அதனால் அது அவளைப் பிடித்தது. பிள்ளையை மாடிப்படிக்குக் கீழே இருந்த அடைப்பில் போட்டு வளர்த்தவர்கள் அவன்மேல் எந்தப் பாசத்தை வைத்தார்கள்?

இது வெறும் தியரிதானே, இதற்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏனென்று சொல்கிறேன்.

2011 ஜூனில், அப்பா இறந்த மூன்றாம் மாதம், அம்மா திருப்பூருக்கு வேலைக்குப் போனாள். என்னைப் பண்ருட்டிப் பக்கம் மாமா வீட்டில் விட்டாள். எனக்குப் பத்து வயது. அந்த வருடம் டிசம்பர் 30 விடியற்காலையில் ‘தானே’ என்ற புயல் கரையேறியது. மாமாவின் முந்திரித் தோப்பு படுத்துவிட்டது, வாசல் பலாமரம் வேரோடு சாய்ந்தது. மாவட்டம் முழுக்க முந்திரியும் பலாவும் விழுந்து கிடந்தன, எத்தனையோ குடும்பங்கள் ஒரே காலையில் பிழைப்பை இழந்தன. ஆனால் எங்கள் வீட்டில் அதற்குக் காரணம் நான். “அப்பனை முழுங்கிட்டு வந்தவ, இப்ப தோப்பையும் முழுங்கிட்டா” என்றாள் அத்தை. அதன்பிறகு கறவை மாடு நோய்ப்பட்டாலும் நான்தான், மாமாவுக்குக் கடன் கிடைக்காவிட்டாலும் நான்தான். விசேஷ வீடுகளுக்குப் புறப்படும்போது நான் எதிரே வந்துவிடக்கூடாது என்று என்னை அடுப்படியில் நிறுத்திவைப்பார்கள். நான்கு வருடம் இப்படி. பிறகு அம்மா வந்து கூட்டிப்போனாள்.

டர்ஸ்லி தியரியை அந்த வீட்டில் நான் தினமும் கேட்டேன். பெயர்தான் வேறு: ராசி, பீடை. பிள்ளைக்குள் ஏதோ இருக்கிறது, அதனால்தான் நாங்கள் இப்படி ஆகிவிட்டோம் என்று அவர்களும் நம்பினார்கள். நீங்கள் யாரும் அத்தை இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பள்ளிப் பிள்ளைகளில் ஒன்று இந்தப் பேச்சை வீட்டில் கேட்டு வளர்கிற பிள்ளையாக இருந்தால்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உயிரை உடம்புக்கு வெளியே ஒளித்துவைப்பது நமக்குப் புதிதில்லை. ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு கிளிக்குள் ராட்சசனின் உயிர் இருக்கும் கதையைக் கேட்காமல் யார் வளர்ந்தோம்? ருஷ்யக் கதையில் கொஷ்செய் என்ற வில்லனின் உயிர் ஊசிமுனையில் இருக்கும். ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள். திண்டிவனம் சாலையில் பஞ்சவடிக்குப் போய் 36 அடி உயர ஐந்துமுக ஆஞ்சநேயரை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். அசுரன் மயில்ராவணனின் உயிர் ஐந்து திசைகளில் எரிந்த விளக்குகளில் இருந்தது, ஐந்தையும் ஒரே நேரத்தில் ஊதி அணைக்கத்தான் அந்த ஐந்து முகம் என்பார்கள். விளக்குகளுக்குப் பதில் வண்டுகள் என்று சொல்வதும் உண்டு.

விளக்கை அணைத்தால் போகட்டும். கிளியையும் வண்டையும் கொல்ல வேண்டியிருந்ததே, அவை என்ன பாவம் செய்தன? சின்ன வயதில் பாட்டி இந்தக் கதையைச் சொல்லும்போது கிளியின் கழுத்தைத் திருகும் இடத்தில் நான் அழுவேன். “அது ராட்சசனோட கிளிடி” என்பாள் பாட்டி. எனக்கு அது பதிலாகப் படவில்லை. கல்லூரி விடுதியில் தோழியிடம் இரவல் வாங்கி ஹாரி பாட்டரின் ஏழு புத்தகத்தையும் படித்தபோதுதான் பதில் கிடைத்தது. ஹாரியின் கதையில் கிளிதான் நாயகன். யாரோ ஒருவன் தன் உயிரை அவனுக்குள் வைத்துவிட்டுப் போனான், அவனைக் கேட்கவே இல்லை. சாகவேண்டியது தான்தான் என்று தெரிந்ததும் அவனே காட்டுக்குள் நடந்து போகிறான். அந்த இடத்தை விடிய விடிய மூன்று முறை படித்தேன். இவ்வளவுக்கும் பிறகு, எல்லாக் கெட்டதுக்கும் கிளிதான் காரணம் என்று நாம் சொல்லலாமா?

அதனால் என் வேண்டுகோள்: பிள்ளைகளின் கூட்டத்தில் டர்ஸ்லி தியரியை விடை மாதிரி வைக்காதீர்கள். வைத்தே ஆகவேண்டுமென்றால் பெட்டூனியாவின் மகன் டட்லியையும் கூடவே வையுங்கள். ஹாரியோடு அதே வீட்டில், அதே வருடங்கள் வளர்ந்தவன் அவன். தியரி உண்மையென்றால் பிஞ்சு வயதிலிருந்தே கூட இருந்த அவன்தான் எல்லோரையும்விட அதிகம் கெட்டிருக்க வேண்டும். ஏழாம் புத்தகத்தில் வீட்டைக் காலிசெய்யும்போது அந்தக் குடும்பத்தில் ஹாரியை மனுஷனாக மதித்துப் பேசிக் கைகொடுப்பவன் அவன் ஒருவன்தான். அதற்கு முந்தைய அத்தியாயத்தில் ஹாரியின் அறை வாசலில் ஆறிப்போன டீ ஒரு கோப்பையில் இருக்கும். ஹாரி அதைக் காலால் மிதித்துவிட்டு, டட்லி தன்னைத் தடுக்கிவிழ வைத்த பொறி என்று நினைத்துக்கொள்வான். அது பொறியாக இல்லாமலும் இருக்கலாம் என்று அடுத்த அத்தியாயத்தில் ஹாரிக்கே தோன்றும். குடிப்பதற்காக டட்லி கொண்டுவந்து வைத்த டீதான் அது என்று நான் உறுதியாகச் சொல்வேன். பிள்ளைகளிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள், ஆதாரம் தேடட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நான் ஏழாம் புத்தகத்தைக் கொண்டுவருகிறேன். அனுமதித்தால் அந்த இரண்டு இடங்களையும் நானே வாசிக்கிறேன், இந்த முறை பேசிவிடுவேன். அந்த டீ விஷயத்தில் நான் ஏன் இவ்வளவு உறுதியாக இருக்கிறேன் என்று பிள்ளைகள் கேட்டால், மாமா மகனைப் பற்றிச் சொல்வேன். புயலுக்குப் பிறகு அந்த வீட்டில் என்னோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை, அவனும்தான். ஆனால் என் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தால் சில நாட்களில் உள்ளே வறுத்த முந்திரி நாலைந்து கிடக்கும்.

அன்புடன்,
கடலூரிலிருந்து வரும் உங்கள் வாசகத் தோழி