ஸ்டீயரிங் மாற்றும் கடைகளுக்கு ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என்னிடம் இருப்பது 1999ஆம் வருட மாருதி 800. வெயிலில் நின்று நின்று அதன் ஸ்டீயரிங் பிசுபிசுத்து, மூன்று இடத்தில் வெடித்துவிட்டது. போன மாதம் ஜே.சி. ரோடு பக்கம் ஒரு கடையில் 350 மில்லிமீட்டர் ஸ்போர்ட்ஸ் ஸ்டீயரிங் போட்டேன். புது வளையத்தைக் காரின் தண்டோடு இணைக்க நடுவில் 'பாஸ் கிட்' என்று ஒரு அலுமினியத் துண்டு வரும். "எல்லா சின்ன மாருதிக்கும் இதுதான் சார்" என்று சுத்தியலால் தட்டி ஏற்றி, நட்டைக் கைக்கணக்கில் முறுக்கி அனுப்பிவிட்டார்கள்.

பத்தாம் நாள், அல்சூர் ஏரி ஓரம் திரும்பும்போது ஸ்டீயரிங்கில் ஆட்டம். வளையம் முதலில் திரும்புகிறது, சக்கரம் அப்புறம்தான் திரும்புகிறது. பின் சீட்டில் பேத்தி. ஓரங்கட்டி நிறுத்திய பிறகும் கை நடுக்கம் நிற்கவில்லை.

வீட்டில் கழற்றினால் நட்டு அரைச்சுற்று தளர்ந்திருந்தது. நான் 32 வருடம் லேத்தில் நின்றவன். பாஸுக்குள் விரலை விட்டதுமே புரிந்துவிட்டது. தண்டின் பல்லும் பாஸின் பல்லும் சேரவே இல்லை. இரும்பு அலுமினியத்தைச் சீவியிருக்கிறது. விரல் நுனியில் வெள்ளிப் பொடி. இன்னும் சில நாள் ஓட்டியிருந்தால் வளையம் மட்டும்தான் சுற்றியிருக்கும்.

காரின் மாடலும் வருடமும் பார்த்து அதற்குரிய பாஸைக் கொடுங்கள். சரியான பாஸ் சுத்தியல் இல்லாமலே பல்லில் உட்காரும். நட்டை டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து, அந்த வண்டிக்குச் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் வரச்சொல்லி ஒருமுறை பாருங்கள். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் வளையம் சின்னதானால் திருப்பக் கனக்கும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். எங்கள் சந்தில் ஒரு நாள் வண்டியைத் திருப்பியதற்கே என் மனைவிக்குத் தோள் வலி வந்துவிட்டது.

அந்தக் கடையில் பார்த்த இன்னொரு காட்சிதான் என்னை எழுத வைத்தது. ஒரு தம்பியின் புதுக் காரில் ஏர்பேக் உள்ள ஸ்டீயரிங்கையே கழற்றிக்கொண்டிருந்தார்கள். பேட்டரி ஒயரைக் கூட எடுக்கவில்லை. ஏர்பேக்கை முகம் கீழே இருக்கும்படி தரையில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். தப்பித்தவறி வெடித்தால் அது அப்படியே மேலே எகிறும். 2019 ஜூலை முதல் புதுக் கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம். உயிரைக் காக்க வைத்ததை அழகுக்காகக் கழற்றலாமா? இந்த வேலை வேண்டாம் என்று கடைக்காரர்தான் சொல்ல வேண்டும். போக்குவரத்துத் துறையும் இந்தக் கடைகளை ஒருமுறை நேரில் பார்க்கட்டும்.

என் வண்டியில் இப்போது பழைய ஸ்டீயரிங்தான். வெடிப்பில் எபாக்ஸி நிரப்பித் தேய்த்துக் கொடுத்தேன். சிவாஜி நகரில் ஒரு பெரியவர் அதன்மேல் கையாலேயே தோல் தைத்துக் கொடுத்தார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லேத் தொழிலாளி,
அல்சூர், பெங்களூரு