மழைக்கு முன் ஷூவை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன தென்மேற்குப் பருவத்தில் வால்பாறைப் பக்கம் போய்வந்த பலர் ட்ரெக்கிங் ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். "வாட்டர்ப்ரூஃப்னு சொல்லித்தானே கொடுத்தீங்க, உள்ளே தண்ணி வந்துடுச்சே?" கோபம் நியாயமானது. 8,000, 10,000 கொடுத்து வாங்கிய பொருள்.

வந்த ஜோடிகளை எல்லாம் ஒரே மாதிரி சோதித்தோம். உள்ளே செய்தித்தாளைத் திணித்து, மிதக்காமல் இருக்க ஒரு கல்லையும் போட்டு, கணுக்கால் விளிம்புக்குக் கீழே தண்ணீர் நிற்கும்படி டப்பில் அரை மணி நேரம் வைத்தோம். இரண்டு மூன்றில்தான் தாள் நனைந்தது. அவற்றில் கட்டைவிரல் மடங்கும் இடத்தில் உள்படலம் கிழிந்திருந்தது. மற்றவை எல்லாம் உள்ளே காய்ந்தபடியே இருந்தன.

அப்படியானால் சாக்ஸ் எப்படி நனைந்தது? பாதி, மேலிருந்து. பேண்டில் வழியும் மழையும், புல்லில் உரசி ஏறும் ஈரமும் சாக்ஸ் வழியாகவே இறங்கிவிடும். ஷூ வாயை மூடும் கெய்ட்டர் போட்டால் இது பெரும்பாலும் நிற்கும். அட்டைப்பூச்சி ஏறுவதும் குறையும்.

மீதிப் பாதி உங்கள் வியர்வை. இதை விற்கும்போதே நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். ஷூவுக்குள் இருப்பது ஒரு மெல்லிய படலம். 1969-ல் பாப் கோர் என்ற அமெரிக்கப் பொறியாளர் டெஃப்லான் வகைப் பொருளைச் சட்டென்று இழுத்து விரித்தபோது கிடைத்ததுதான் கோர்-டெக்ஸ் என்ற படலமாக வந்தது. அதன் துளைகள் வழியே நீர்த்துளி உள்ளே வராது, நீராவி வெளியே போகும். ஆனால் வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிட வறண்டிருந்தால்தான் ஆவி வெளியே போகும். ஜூலை மாத வால்பாறையில் காற்றே ஊறிப்போய்க் கிடக்கிறது. வியர்வை எங்கே போகும்? பருத்தி சாக்ஸ் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். கம்பளி கலந்த சாக்ஸுக்கு மாறுங்கள்.

வெளித்துணியின் மேல்பூச்சும் தேய்ந்துபோகும். புது ஷூவில் தண்ணீர் தாமரை இலையில் உருளுவதுபோல உருளும். அது நின்று துணி கருத்து ஊற ஆரம்பித்தால், படலம் நன்றாக இருந்தாலும் ஆவி வெளியேற வழி அடைபட்டுவிடும். சுத்தமாகக் கழுவிவிட்டு நீர்விலக்கி ஸ்ப்ரே அடித்தால் சரியாகும்.

சிலருக்கு வாட்டர்ப்ரூஃபே வேண்டாம் என்றும் சொல்கிறோம், வியாபாரத்துக்கு நல்லதல்ல என்றாலும். பிப்ரவரி முதல் மே வரை ஏறும் வெள்ளியங்கிரிக்கு அது எதற்கு? அங்கே பலர் வெறுங்காலோடுதான் போகிறார்கள். முழங்கால் ஆழ ஓடையைக் கடப்பவர்களுக்கும் வேண்டாம்; மேலே வழியாக உள்ளே போன தண்ணீர் வாளியில் நிற்பதுபோல அதிலேயே நிற்கும். வலைத்துணி ஷூ அரை நாளில் காய்ந்துவிடும். மழையிலும் சேற்றிலும் நாள்கணக்காக நடப்பவர்கள்தான் வாட்டர்ப்ரூஃப் வாங்க வேண்டும். அவர்கள் பார்க்க வேண்டியது: தையல் எவ்வளவு குறைவு, நாக்குப்பகுதி இரண்டு பக்கமும் சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கிறதா. அளவு பார்க்க மாலையில் வாருங்கள், கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். மலையில் போடப்போகும் சாக்ஸையே கொண்டுவாருங்கள். கடையில் இருக்கும் சாய்வுப் பலகையில் இறங்கிப் பார்க்கும்போது விரல் நுனி முன்னால் இடித்தால் அந்த அளவு வேண்டாம். இறக்கத்தில் நகம் கருத்துப்போகும்.

இப்போது முக்கியமான விஷயம். ஏழு வருடத்துக்கு முன் வாங்கி மூன்றே தடவை போட்ட ஷூவோடு ஒருவர் வந்தார். பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தாராம். கொழுக்குமலை இறக்கத்தில் இரண்டு சோலும் கழன்று, துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறார். பசையின் குற்றமில்லை. அடிசோலுக்கு மேலே இருக்கும் பாலியூரித்தேன் மிட்சோல், காற்றின் ஈரத்தை இழுத்து வருடக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே சிதையும். நம் ஊர் ஈரத்தில் மூடிவைத்த பெட்டியும் பிளாஸ்டிக் கவரும் அதற்குச் சாதகம். கிளம்புவதற்கு முன் மிட்சோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்போ, மாவாக உதிர்வதோ, பிசுபிசுப்போ தெரிந்தால் அதை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஈவிஏ என்ற இன்னொரு வகை நுரைப்பொருளில் செய்த மிட்சோல் இப்படி உதிராது, அமுங்கித் தட்டையாகும். எதுவானாலும் காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள். மாதம் ஒரு முறையாவது போட்டு நடங்கள்.

திரும்பி வந்ததும் சேற்றை அன்றே பிரஷ்ஷால் கழுவுங்கள். வாஷிங் மெஷின் வேண்டாம். உள் அட்டையை உருவிவிட்டு, செய்தித்தாளைத் திணித்து, நனைய நனைய மாற்றி, ஃபேன் காற்றில் காயவிடுங்கள். அடுப்பு ஓரம், ஹேர் டிரையர், உச்சிவெயில் மூன்றும் தோலை வெடிக்கவைக்கும், பசையையும் இளக்கும். தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம், தோல் தொளதொளத்துவிடும். தோலுக்கென்று வரும் மெழுகைக் கொஞ்சமாகத் தேயுங்கள். வெல்வெட் போலச் சொரசொரப்பாக இருக்கும் நூபக் தோலில் அது நிறத்தைக் கருக்கும் என்பதால் அதற்கு ஸ்ப்ரேதான்.

மே கடைசி வரை பழைய ஷூக்களை, எங்கே வாங்கியதாக இருந்தாலும், கொண்டுவாருங்கள். டப்பு வாசலிலேயே இருக்கும், சோதனைக்குக் காசு இல்லை. சோல் மட்டும் விட்டிருந்தால் ஒட்டித் தைத்துக் கொடுக்க ஆள் இருக்கிறார். மிட்சோல் உதிர்ந்திருந்தால் அவராலும் முடியாது, அதை அப்போதே சொல்லிவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை கடை மதியம் வரைதான்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்கள்
கோயம்புத்தூர்