இறக்குமதி வரியைக் கட்டுவது யார் என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வர்த்தகப் போர் பற்றி உங்கள் நாளிதழில் வரும் செய்திகளை விடாமல் படிக்கிறேன். எந்த நாட்டுக்கு எத்தனை சதவீத வரி, யார் இறங்கி வந்தார், யார் பதிலடி கொடுத்தார் என்று கிரிக்கெட் ஸ்கோர் போல எல்லாம் வருகிறது. அந்த வரியை யார் கட்டுகிறார்கள் என்பது மட்டும் வருவதில்லை. வெளிநாட்டுக்காரன்தானே கட்டுகிறான், கட்டட்டுமே என்று படித்தவர்களே பேசுவதைக் கேட்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஒரு நாடு இறக்குமதி வரி போட்டால் அதைக் கட்டுவது அந்த நாட்டு இறக்குமதியாளர்தான். சீனாவிலிருந்து வந்த கன்டெய்னர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கும்போது அமெரிக்க நிறுவனம்தான் அமெரிக்கச் சுங்கத் துறைக்குப் பணம் கட்டிச் சரக்கை எடுக்கிறது. சீன அரசு ஒரு டாலர்கூடத் தருவதில்லை. கட்டிய பணத்தை அந்த நிறுவனம் தன் லாபத்தில் தாங்கிக்கொள்ளலாம், விலையில் ஏற்றலாம், இல்லை விற்பவரிடம் விலையைக் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டலாம். டிரம்ப் முதல் முறை அதிபராக இருந்தபோது 2018, 2019-ல் சீனப் பொருட்களுக்குப் போட்ட வரிகளை ஆய்வாளர்கள் தனித்தனிக் குழுக்களாக ஆராய்ந்தார்கள். சீன ஏற்றுமதியாளர்கள் விலையைப் பெரிதாகக் குறைக்கவில்லை, சுமை கிட்டத்தட்ட முழுவதும் அமெரிக்கப் பக்கமே விழுந்தது என்பதுதான் முடிவு. ஏற்றுமதி செய்யும் நாட்டுக்கு அடியே விழாது என்று நான் சொல்லவில்லை. ஆர்டர் குறையும், ஆலை மூடும், வேலை போகும். அந்த அடி வேறு, வரியைக் கட்டுவது வேறு.

வாஷிங் மெஷின் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2018 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு வாஷிங் மெஷின்களுக்கு முதலில் 20 சதவீதமும், குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டி வருபவற்றுக்கு 50 சதவீதமும் வரி போட்டது. விலை சுமார் 12 சதவீதம் ஏறியது, அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் வரியே போடப்படாத, துணி உலர்த்தும் டிரையர் விலையும் அதே அளவு ஏறியது! அங்கே இரண்டையும் ஜோடியாகத்தான் வாங்குவார்கள் என்பதால், ஏற்ற வேண்டியதை இரண்டிலும் பிரித்து ஏற்றிவிட்டார்கள். உள்நாட்டு நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை, போட்டி குறைந்ததும் அவர்களும் கூட்டினார்கள். புதிதாக வந்த வேலைகள் ஏறக்குறைய 1,800. வாங்கியவர்கள் கூடுதலாகக் கொடுத்தது ஆண்டுக்குச் சுமார் 150 கோடி டாலர். அரசுக்கு வந்த வரியைக் கழித்த பிறகும் ஒரு வேலைக்கு 8 லட்சத்து 15 ஆயிரம் டாலர் ஆகிறது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். எந்தத் தொழிலாளிக்கும் அவ்வளவு சம்பளம் கிடையாது.

அப்படியானால் அரசியல்வாதிகள் ஏன் திரும்பத் திரும்ப இதையே செய்கிறார்கள்? அந்த 1,800 பேர் கண்ணுக்குத் தெரிவார்கள், ஆலை வாசலில் அவர்களோடு நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். கோடிக்கணக்கான வீடுகளில் மெஷினுக்குச் சில பத்து டாலர் கூடுதலாகக் கொடுத்தவர்கள் சங்கம் அமைக்கப் போவதில்லை. கொடுத்ததே அவர்களுக்குத் தெரியாது. ரசீதில் தனியாகக் காட்டப்படாத வரி இது.

2025 ஏப்ரல் 2 அன்று டிரம்ப் அறிவித்த 'பதிலுக்குப் பதில்' வரிகளின் கணக்கு இன்னும் மோசம். ஒரு நாட்டோடு உள்ள சரக்கு வர்த்தகப் பற்றாக்குறையை (அங்கே விற்பதைவிட அங்கிருந்து வாங்குவது எவ்வளவு அதிகம் என்பதை) எடுத்து, அந்த நாட்டிலிருந்து இறக்குமதி செய்யும் சரக்கின் மதிப்பால் வகுத்து, பாதியாக்கி, அதையே வரி விகிதமாக வைத்தார்கள். பற்றாக்குறையே இல்லாத நாட்டுக்கும் குறைந்தது 10 சதவீதம். அந்த நாடு அமெரிக்கப் பொருளுக்கு உண்மையில் எவ்வளவு வரி போடுகிறது என்பது கணக்கிலேயே இல்லை. வெளியிட்ட சூத்திரத்தின் வகுக்கும் பகுதியில் இரண்டு கிரேக்க எழுத்துகள் இருந்தன. ஒன்றின் மதிப்பு 4, இன்னொன்றின் மதிப்பு 0.25. பெருக்கினால் 1, அதாவது அவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடை மாறாது. இந்தக் கணக்கில் லெசோத்தோ என்ற ஏழை ஆப்பிரிக்க நாட்டுக்கு 50 சதவீதம் வந்தது. ஜீன்ஸ் தைத்து அமெரிக்காவுக்கு அனுப்பும் அந்த மக்களுக்கு அமெரிக்கப் பொருட்களைத் திருப்பி வாங்க வசதி இல்லை, அவர்கள் செய்த குற்றம் அவ்வளவுதான். அமெரிக்கா உபரி காட்டும் சேவைத் துறையைக் கணக்கில் சேர்க்கவும் இல்லை.

பற்றாக்குறை என்றாலே யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று பொருளில்லை. ஒரு நாடு சேமிப்பதைவிட அதிகம் முதலீடு செய்தால், அந்த வித்தியாசம் வெளியிலிருந்து வந்துதான் ஆக வேண்டும். அரசே பெரும் கடன் வாங்கிச் செலவழிக்கும்போது இது இன்னும் கூடும். ஒரு நாட்டின் மீது வரி போட்டால் ஓட்டை வேறு பக்கம் திறக்கும். 2019-ல் சீனாவுடனான அமெரிக்கப் பற்றாக்குறை குறைந்தது, வியட்நாமுடனும் மெக்சிகோவுடனும் கூடியது.

தாராள வர்த்தகம் பேசியவர்கள் பக்கமும் பெரிய தவறு உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2001-ல் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த பிறகு, ஒரு வேலை போனால் இன்னொன்று கிடைக்கும், தொழிலாளி ஊர் மாறிக்கொள்வார் என்று பொருளாதார நிபுணர்கள் நம்பினார்கள். அப்படி நடக்கவில்லை. 1999 முதல் 2011 வரை சீன இறக்குமதியால் அமெரிக்காவில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வேலைகள் போயின என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பாதிக்கப்பட்ட ஊர்களில் பத்து ஆண்டு கழித்தும் கூலி மீளவில்லை. அந்தக் கோபம் நியாயமானது, அந்தக் கோபத்தில்தான் இன்றைய அரசியல் நிற்கிறது. ஆனால் அவர்களுக்கு என்ன செய்தார்கள்? இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்குப் பயிற்சியும் உதவித்தொகையும் கொடுக்க 1962-லேயே ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். 2022 ஜூலையில் அதன் அனுமதி காலாவதியானது, நாடாளுமன்றம் புதுப்பிக்காமல் விட்டுவிட்டது. அதே நேரம், 2018-ல் சீனா அமெரிக்க சோயாவுக்குப் பதிலடி வரி போட்டபோது விவசாயிகளுக்கு ஈடுகட்ட இரண்டு ஆண்டுகளில் சுமார் 2,800 கோடி டாலர் உதவி அறிவிக்கப் பணம் இருந்தது.

பதிலடி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1930 இருக்கிறது. அந்த ஆண்டு வரியை உயர்த்தும் சட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளாதார அறிஞர்கள் அன்றைய அமெரிக்க அதிபர் ஹூவரைக் கேட்டுக்கொண்டார்கள். அவர் போட்டார். கனடாவும் ஐரோப்பிய நாடுகளும் திருப்பி அடித்தன. 1930-களில் உலகப் பொருளாதாரத்தை முடக்கிய பெருமந்தத்துக்கு அதுவே காரணம் என்பது மிகை, ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்ததை மோசமாக்கியது என்பதே சரி.

என் வேண்டுகோள் இதுதான். அடுத்து வரிச் செய்தி போடும்போது பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். இரும்புக்கு வரி என்றால், வரி போட்ட நாட்டில் இரும்பு உருக்கும் ஆலைகளில் எத்தனை பேர், அந்த இரும்பை வாங்கி காரும் டிராக்டரும் தகர டப்பாவும் செய்யும் ஆலைகளில் எத்தனை பேர் என்று எழுதுங்கள். அமெரிக்காவில் இரண்டாவது கூட்டம் பல மடங்கு பெரியது.

இப்படிக்கு,
நாள்தோறும் படிக்கும் வாசகர்