விளக்கா, கடிகாரமா?

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தேன். கோழிக்குஞ்சின் மூளையில் உள்ள பினியல் சுரப்பியில் மெலடோனின் ஹார்மோன் இரவில் ஏறிப் பகலில் இறங்குகிறது. ஆனால் இதை வைத்து, உடலுக்குள்ளேயே நேரம் காட்டும் ‘கடிகாரம்’ என்று எழுதிவிடாதே. காலை 6 மணிக்கு விளக்கைப் போட்டு மாலை 6-க்கு அணைத்தால், கடிகாரமே இல்லாவிட்டாலும் இப்படித்தான் வரும். இன்னொரு கூட்டத்தை இரண்டு நாள் முழு இருட்டில் வைத்து, 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை மாதிரி எடு. அலையின் உயரம் குறையலாம், பயப்படாதே. இருட்டிலும் அலை இருக்கிறதா என்பதுதான் கேள்வி, இருந்தால் அது கடிகாரம்.

அந்தக் கடிகாரம் ஓடுவது இப்படி: க்ளாக், பீமால்-1 என்ற இரண்டு புரதங்களும் ஜோடி சேர்ந்து, ஏஏநாட் மரபணுவின் முகப்பில் உள்ள ஈ-பாக்ஸ் என்ற டிஎன்ஏ துண்டைப் பிடித்து அதை முடுக்குகின்றன. பெர்-2, க்ரை புரதங்கள் பெருகியதும் அந்த ஜோடியை அடக்கிவிடும். செரடோனினை மெலடோனின் பக்கம் திருப்பும் நொதி ஏஏநாட்தான். அது குறைந்தால் உற்பத்தியும் குறையும்.

உன் நள்ளிரவு மாதிரியில் ஏஏநாட் மரபணுவின் நகலான ஆர்என்ஏ உச்சத்தில் இருக்கிறது, மெலடோனின் மட்டும் தரைதட்டிவிட்டது. இயந்திரத்தைக் குறை சொல்லாதே. வெளிச்சம் பட்டால் ஆர்என்ஏ அப்படியே இருக்கும், நொதிப் புரதத்தைத்தான் செல்லின் புரோட்டியசோம் சில நிமிடங்களில் சிதைத்துவிடும். யாரோ கைபேசியைத் திறந்திருப்பார்கள். இந்தச் சுரப்பியில் 1994-இல் கண்டறியப்பட்ட பினாப்சின் என்ற ஒளியுணர் புரதம் 470 நானோமீட்டர் அளவிலான நீல ஒளியைத்தான் நன்றாகப் பிடிக்கும். குஞ்சின் மண்டை வழியாக அந்த ஒளி உள்ளே போய்விடும். மங்கலான சிவப்பு விளக்கு மட்டும் போதும். ஆர்என்ஏவோடு நொதியின் செயல்பாட்டையும் அள.

எலிக் கட்டுரைகளைப் பார்த்து நார்எபிநெஃப்ரின் என்ற நரம்புச் செய்திப் பொருளை ஊற்றியிருக்கிறாய். எலியில் அது மெலடோனின் உற்பத்தியைத் தூண்டும், கோழியில் தடுக்கும். பெர்-1 மரபணுவைத் தேடும் பிரைமர் (சிறு டிஎன்ஏ துண்டு) வேலை செய்யவில்லை என்று புலம்பியிருந்தாயே, கோழிக்கு அந்த மரபணுவே கிடையாது. பெர்-2, பெர்-3 இரண்டுக்கும் பிரைமர் வாங்கு.

அறுக்கும்போது ஒன்று. சுரப்பி பெருமூளையின் இரு பாதிகளும் சிறுமூளையும் சந்திக்கும் முக்கோண இடுக்கில் இருக்கும். மண்டையோட்டை வெடுக்கென்று தூக்கினால் மூளையுறையோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்துவிடும். இடுக்கு காலியாக இருந்தால் முதலில் எலும்பின் உட்புறத்தைப் பார். கிடைத்ததும் திரவ நைட்ரஜனில் போடு, எடை பார்ப்பதெல்லாம் பிறகு.

அம்மா