முறைத் தண்ணீரும் மூன்று பேட்ச் மாணவர்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சட்டக் கல்லூரி மாணவர்கள் சட்ட உதவி முகாம்களில் சமரசம் பழகுவதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். அதில் ஒரு வரி: ‘கிராமத்தார் விட்டுக்கொடுக்க முன்வருவதில்லை.’ அந்தக் கிராமத்தாரில் நானும் ஒருவன்.

எங்களுடையது கூட்டுக் கிணறு. எனக்கும் அண்ணனுக்கும் பாதிப் பாதி, கரண்ட் சர்வீஸ் மட்டும் அண்ணன் பேரில். என் முறை வருகிற நாளில் மோட்டார் ரூமில் பூட்டுத் தொங்கும். வாய்தாவுக்கு வாய்தா வக்கீலுக்கு அழுத பணத்தில் நான் தனியாகவே ஒரு போர்வெல் போட்டிருக்கலாம், அது கிடக்கட்டும்.

முதல் வருஷ முகாமில், மற்றவர்கள் பேனர் கட்டிக்கொண்டிருக்க, ஒரு பிள்ளை மட்டும் கிணற்று மேட்டுக்கே வந்தது. யார் பக்கம் நியாயம் என்று கேட்கவில்லை. “உங்களுக்கு எத்தனை மணிக்குத் தண்ணி வந்தா போதும் தாத்தா?” என்றது. அத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. எனக்கு மல்லிகை. பூப்பறிப்பு முடிந்து 10 மணிக்கு மேல் 2 மணி நேரம் போதும் என்றேன். அண்ணனே “யோசிக்கலாம்” என்றார். அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிப் போன பிள்ளைக்கு செமஸ்டர் பரீட்சை வந்துவிட்டது. மக்கள் நீதிமன்றத்தில் வைத்துக் கையெழுத்தாகியிருந்தால் மேல்முறையீடே கிடையாது, தங்களுக்குத் தெரியாததல்ல.

அடுத்த வருஷம் வேறு முகங்கள். “ஐயா, உங்க பிரச்சினை என்ன?” ஆதியிலிருந்து சொன்னேன். மூன்றாம் வருஷம் இன்னொரு பேட்ச். இந்தத் தடவை டீக்கடை வாசலில், மைக்கை நீட்டி, ஊரே பார்க்க. அண்ணன் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார். சமரசப் பேச்சு வெளியே போகக் கூடாது என்று 2023ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மைக் பிடித்த தம்பி அந்தப் பக்கத்துக்கு இன்னும் வரவில்லை போலும். மறுநாள் பேப்பரில் என் போட்டோ, கீழே ‘பயனடைந்த முதியவர்’.

கோர்ட்டுக்கு வெளியே தகராறைத் தீர்க்கிற மாற்றுமுறைத் தீர்வு, பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளின்படி கட்டாயப் பாடமாம். எங்கள் கிணற்றுக்கு எத்தனை மார்க் விழுந்ததோ! மூன்று தடவை ஒரே கதையைச் சொன்ன நான் விட்டுக்கொடுக்காதவன், சரி.

ஒரே ஒரு வேண்டுகோள். கல்லூரிகளுக்கும் தங்கள் இதழ் போகும். ஊருக்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டு, பழைய பேட்ச் எழுதியதைப் படித்துவிட்டுப் புதுப் பேட்ச் வரும்படி எழுதுங்கள். எங்கள் ஊர் நோட்டை நானே வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
பாதிக் கிணற்றுக்காரன்,
திண்டுக்கல் மாவட்டம்.